எஸ்யூவியின் பின்கண்ணாடி நொறுங்கிவிட்டது, நாளை இரவு ஷிஃப்ட், என்ன செய்வது?

நெல்லைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். கனடாவில் எங்களுக்கு இதுதான் முதல் குளிர்காலம். இன்று காலை வண்டியை எடுக்கப் போனால் பின்கண்ணாடி மொத்தமும் பொடிப்பொடியாக டிக்கிக்குள் கிடக்கிறது, ராத்திரி பெய்த பனியும் அதன் மேல் கொட்டி ஈரமாகிவிட்டது. யாராவது உடைத்தார்களா, தானாக உடைந்ததா, ஒன்றும் புரியவில்லை. மேலே குடியிருக்கும் வீட்டுக்காரரிடம் கேட்டால் தனக்கு எதுவும் தெரியாது என்கிறார். பழைய எஸ்யூவிதான், வந்ததும் கையிலிருந்த காசைப் போட்டு வாங்கியது. நாளை இரவு ஷிஃப்ட் இருக்கிறது, ஏஜென்சி வேலை, ஒரு நாள் போகவில்லை என்றால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள். பையனை டேகேரில் வேறு விட வேண்டும். மாற்ற எவ்வளவு ஆகும்? இன்சூரன்ஸில் சொன்னால் பிரீமியம் ஏறிவிடுமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள், தலையே சுற்றுகிறது.

ஃபின்ச் கிழக்கு:
தம்பி, முதலில் பயத்தை விடுங்கள். நான் 2010இல் டிசம்பர் மாதம் வந்து இறங்கினேன், அப்போது வாகனமும் இல்லை, வாகனம் வைத்திருக்கும் ஆளையும் தெரியாது. டொராண்டோவின் 39 ஃபின்ச் பஸ்ஸுக்கு நின்று கால் விரல் மரத்துப்போய், வேலைத்தலத்தில் போய் சப்பாத்தைக் கழற்றினால் உணர்ச்சி திரும்பவே அரை மணித்தியாலம் ஆகும். வேலை முடிந்தால் இரவு முழுக்க ஓடும் ப்ளூ நைட் பஸ்தான் துணை. அப்படியே இரண்டு குளிர்காலம் போனது. என்னைக் கேட்டால் பழைய வாகனத்தில் காசைக் கொட்டாதீர்கள். இன்றைக்குக் கண்ணாடி, நாளைக்கு பிரேக், அதற்கடுத்து சைலன்சர். வித்துவிட்டு பஸ் பாஸ் எடுங்கள்.

பிராம்ப்டன் டிரைவர்:
இரவு ஷிஃப்டுக்கு பஸ்ஸில் போகச் சொல்வது நியாயமா அண்ணா? குடோன்கள் எல்லாம் பஸ் போகாத இடத்தில்தான் இருக்கின்றன. தம்பி, இன்சூரன்ஸ் பக்கமே போகாதீர்கள். ஒரு போன் போட்டாலும் கணக்கில் ஏறிவிடலாம், புதுப்பிக்கும்போது தெரியும். ஒரு கறுப்பு குப்பைப் பையை இறுக்கி ஒட்டிவிட்டு வேலைக்குப் போங்கள், வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்.

மார்க்கம் அக்கா:
குப்பைப் பை வேண்டவே வேண்டாம். பின்னால் வரும் வண்டியே தெரியாது, 401 நெடுஞ்சாலையில் ஏறினால் ஐந்து நிமிடத்தில் கிழிந்து பறக்கும். தம்பி, எதையும் தொடுவதற்கு முன் போட்டோ எடுத்து வையுங்கள். உள்ளே ஏதாவது காணாமல் போயிருக்கிறதா, கல் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். யாரோ உடைத்ததாகத் தெரிந்தால் போலீசில் பதிய வேண்டும். நீங்கள் டொராண்டோ என்றால் இணையத்திலேயே பதியலாம், இல்லாவிட்டால் அவசரமில்லாத எண் 416-808-2222. 911ஐ அழைக்காதீர்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். பின் இருக்கையில் பையனின் கார் சீட் இருந்ததா? இருந்தால் அதை வெளியே எடுத்து, துணி உறையைக் கழற்றி உதறி, பெல்ட் நுழையும் துளைகளுக்குள்ளும் பக்கிளுக்குள்ளும் வேக்குவம் போடுங்கள். மேலே துடைத்தால் சுத்தமாகத்தான் தெரியும், குழந்தை உட்கார்ந்து அசையும்போதுதான் மணி மணியாக வெளியே வரும். கண்ணாடிக் கடைக்காரர்கள் டிக்கியைச் சுத்தம் செய்து தருவார்கள், கார் சீட்டை யாரும் பார்ப்பதில்லை.

கொக்குவில்:
போலீசுக்குப் போய் என்ன பயன் அக்கா, ஒரு நம்பர் தருவார்கள், அவ்வளவுதான். யாரும் உடைத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. இந்தக் குளிரில் ஓரத்தில் சின்ன அடி பட்டிருந்தாலே சொல்லாமல் கொள்ளாமல் உதிரும். தம்பி, முதல் நாள் சுடுதண்ணி ஏதும் ஊற்றினீர்களா? புதிதாக வருகிறவர்கள் ஐஸ் உருகட்டும் என்று கேத்தல் தண்ணியைக் கொண்டுவந்து ஊற்றுவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அதை மட்டும் ஒருநாளும் செய்யாதீர்கள்.

நான் சொல்வது, பழைய வாகனங்களின் உதிரிப்பாகம் விற்கும் ஜங்க்யார்டுக்கு நேரே போங்கள். அதே வாகனம் அங்கே நிற்கும், அரை விலை கூட இராது.

பிராம்ப்டன் டிரைவர்:
பின்கண்ணாடியை ஜங்க்யார்டில் கழற்றுவதா? பசை போட்டு ஒட்டியிருப்பார்கள் அண்ணா, கழற்றும்போதே உடையும். ஆளை வீணாக அலைய விடாதீர்கள்.

கொக்குவில்:
நான் கழற்றியிருக்கிறேன் என்றபடியால்தான் சொல்கிறேன்.

ஸ்கார்பரோ ராஜி:
இன்சூரன்ஸ் என்றதும் எனக்கு வயிறு எரிகிறது. ஊரில் பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டியவள் நான். இங்கே வந்தால் இந்திய லைசென்ஸை நேரடியாக மாற்றித் தர மாட்டார்கள், ஒரு வருஷத்துக்கு மேல் அனுபவத்தைக் கணக்கில் எடுக்க லைசென்ஸ் கொடுத்த ஊரிலிருந்தோ தூதரகத்திலிருந்தோ கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தை அலைந்து திரிந்து வாங்கி ரோடு டெஸ்டும் கொடுத்தால், இன்சூரன்ஸ்காரர் அதை மதிப்பதே இல்லை, புது டிரைவர் கணக்கில்தான் போடுகிறார். அதிலும் தபால் குறியீட்டைப் பார்த்து ஒரு விலை. ஸ்கார்பரோவில் இருந்தால் நாம் எல்லாரும் வண்டியை இடிக்கத்தான் வந்தோமா?

பிராம்ப்டன் டிரைவர்:
பிராம்ப்டனில் வந்து பாருங்கள் அக்கா, உங்களுடையதே பரவாயில்லை என்பீர்கள். அந்தக் காசுக்கு ஊரில் ஒரு குடும்பம் வருஷம் முழுக்கச் சாப்பிடும்.

ஃபின்ச் கிழக்கு:
மெக்கானிக்மாரையும் சொல்லுங்கள். புது ஆள் என்று தெரிந்தால் போதும், பிரேக் சத்தம் என்று போனவனிடம் நாலு சாமானை மாற்றச் சொல்லுவார்கள். தமிழ் ஆள் என்று நம்பிப் போன இடத்தில்தான் எனக்கு அதிகம் போனது. ரசீது கேட்டால் முகம் மாறிவிடும்.

கண்ணாடி வேலை:
இந்தப் பேச்சை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், அந்தப் பிள்ளை நாளைக்கு வேலைக்குப் போக வேண்டும். நான் இங்கே கன காலமாக வாகனக் கண்ணாடி மாற்றும் வேலைதான் செய்கிறேன். தம்பி, நீங்கள் வாகனம் எது, எந்த வருஷம், எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று ஒன்றுமே சொல்லவில்லை. அது தெரியாமல் விலை சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். இந்த நாலையும் பார்த்துச் சொல்லுங்கள்: தயாரிப்பு, மாடல், வருஷம். காப்புறுதிப் பத்திரத்தில் காம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாத சேதத்துக்கான காப்பு) என்ற வரி இருக்கிறதா, டிடக்டிபிள், அதாவது முதலில் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு, எவ்வளவு. உடைந்த கண்ணாடி சாம்பல் நிறமா, வெள்ளையா. அப்புறம், உடைவதற்கு முன் கண்ணாடி மட்டும் தனியாக மேலே திறந்ததா, இல்லை முழுக் கதவோடுதான் திறந்ததா.

பதில் வரும்வரைக்கும் பொதுவாகச் சிலது சொல்கிறேன். முன்கண்ணாடி இரண்டு அடுக்கு, நடுவில் பிளாஸ்டிக் படலம், அதனால் கல் பட்டால் கீறல் விழும், சின்னக் கீறலை நிரப்பலாம். பின்கண்ணாடி அநேகமாக டெம்பர்ட், அதாவது சூடாக்கி உறுதியாக்கிய ஒற்றைக் கண்ணாடி, ஒரு மூலையில் அடி விழுந்தாலே முழுவதும் நொறுங்கும். அதைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். சரிசெய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

இன்றைக்கு மறைப்பதற்கு: டாலர் கடையில் தெளிவான தடித்த பிளாஸ்டிக் விரிப்பு வாங்குங்கள். கதவின் ஓரத்தை முதலில் உலரத் துடையுங்கள், ஈரத்திலும் குளிரிலும் எந்த டேப்பும் பிடிக்காது, முடிந்தால் ஹீட்டரைப் போட்டுக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு ஒட்டுங்கள். பெயிண்டின் மேல் நேரடியாக டக்ட் டேப் ஒட்டினால் உரிக்கும்போது பெயிண்டும் வரும். பெயிண்டர்கள் ஒட்டும் நீல டேப்பை முதலில் ஒரு சுற்று ஒட்டி, அதன் மேல் டக்ட் டேப்பைப் போடுங்கள்.

பின்பக்கம் திறந்தபடி ஓடினால் புகைக் குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே இழுபடும். வாசனை இல்லாத விஷம் அது. பிளாஸ்டிக்கை நம்பி இருக்காமல் முன் கதவுக் கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கி, ஹீட்டரை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வையுங்கள். உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அமுக்க வேண்டாம். பிள்ளையை அந்த வாகனத்தில் ஏற்றாதீர்கள், இரண்டொரு நாள் யாராவது அயலவரைக் கேளுங்கள். 401 வேண்டாம், உள் வீதியால் மெதுவாகப் போங்கள்.

நெல்லைக்காரன்:
அண்ணா, ரொம்ப நன்றி, மன்னிக்கவும், அவசரத்தில் எதையும் எழுதவில்லை. ஸ்கார்பரோவில், மால்வர்ன் பக்கம் இருக்கிறோம். வண்டி ஃபோர்டு எஸ்கேப், 2009. இன்சூரன்ஸ் தாளைப் பார்த்தேன், காம்ப்ரிஹென்சிவ் என்ற வரிக்கு நேரே ஒன்றுமே இல்லை. விலை குறைவாகத் தருகிறேன் என்று புரோக்கர் சொன்னார், வாங்கினேன். உள்ளே எதுவும் காணாமல் போகவில்லை, கல்லும் இல்லை. துண்டுகள் சாம்பல் நிறம். கண்ணாடி மட்டும் தனியாக மேலே திறக்கும், சாமான் வைக்க அப்படித்தான் திறப்போம். சுடுதண்ணீர் ஊற்றவில்லை.

கண்ணாடி வேலை:
அப்படியென்றால் பாதிக் கவலை தீர்ந்தது. ஒன்டாரியோவில் காம்ப்ரிஹென்சிவ் கட்டாயமில்லை, உங்களிடம் அது இல்லாதபடியால் காப்புறுதியில் கேட்பதற்கே ஒன்றுமில்லை, பிரீமியம் ஏறுமா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். கையிலிருந்துதான் போகப்போகிறது. போகட்டும், வேறு வண்டியையும் இடிக்கவில்லை, ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிராம்ப்டன் தம்பி சொன்ன பசைக் கதை பெரும்பாலான வாகனங்களுக்குச் சரி. அவற்றில் கண்ணாடியை யூரித்தேன் பசையால் ஒட்டியிருக்கும், புதிதாக ஒட்டினால் காய நேரம் வேண்டும், குளிரில் இன்னும் கூட. ஆனால் உங்கள் எஸ்கேப்பில் கண்ணாடி பசையில் இல்லை. மேலே இரண்டு கீல், தூக்கிப் பிடிக்கப் பக்கத்துக்கு ஒரு கேஸ் ஸ்ட்ரட், கீழே பூட்டு, அவ்வளவுதான் அதைப் பிடித்திருக்கின்றன. அதனால் கொக்குவில் அண்ணர் சொன்ன ஜங்க்யார்டு யோசனை உங்களுக்குப் பொருந்தும். 2008 முதல் 2012 வரையான எஸ்கேப் ஒரே தலைமுறை, அதில் தேடுங்கள். 2008க்கு முந்தியதை அரை விலைக்குத் தந்தாலும் எடுக்காதீர்கள்.

இரண்டு கடைக்காவது போன் போட்டுப் புதிய கண்ணாடிக்கும் விலை கேளுங்கள். டாஷ்போர்டின் ஓட்டுநர் பக்க மூலையில், முன்கண்ணாடிக்குக் கீழே 17 எழுத்தும் இலக்கமுமாக வின் நம்பர், அதாவது வாகனத்தின் அடையாள எண், இருக்கும், ஓனர்ஷிப் தாளிலும் இருக்கிறது. அதைச் சொன்னால்தான் சரியான கண்ணாடியைச் சொல்வார்கள். பனியை உருக்கச் சூடேற்றும் கோடுகளோடா, சாம்பல் நிறமா, பொருத்துக்கூலி சேர்த்தா, வரிக்கு முன்னா பின்னா என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 13 சதவீத விற்பனை வரியான எச்எஸ்டியைக் கடைசியில்தான் சொல்வார்கள்.

மார்க்கம் அக்கா:
அண்ணா, பிளாஸ்டிக்கோடு ஓட்டினால் போலீஸ் மறிக்காதா? பிள்ளை புது ஆள், டிக்கெட் ஏதும் வந்தால் அதற்கும் அழும்.

கண்ணாடி வேலை:
நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் 74ஆம் பிரிவில் பின்கண்ணாடி வழியே தெளிவாகத் தெரிய வேண்டும் என்று இருக்கிறது, ஆனால் வெளியே பொருத்திய பக்க மிரர்களால் பின்பக்கம் தெளிவாகத் தெரிந்தால் அந்த விதி பொருந்தாது. இரண்டு பக்க மிரரும் ஒழுங்காக இருக்க வேண்டும், பிரேக் லைட்டையும் நம்பர் பிளேட்டையும் டேப் மறைக்கக் கூடாது. அதற்காக மாதக்கணக்கில் அப்படியே ஓடலாம் என்று நினைக்க வேண்டாம்.

ஃபின்ச் கிழக்கு:
தம்பி, மால்வர்ன் என்றால் எனக்குப் பக்கம்தான். நாளை இரவு ஷிஃப்ட் எங்கே, எத்தனை மணிக்கு என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். நான் கொண்டுபோய் விடுகிறேன். அந்தக் குளிரை நான் பட்டது போதும்.

நெல்லைக்காரன்:
அண்ணா, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. செய்தி அனுப்பிவிட்டேன்.

ஒரு கடையில் புதுக் கண்ணாடிக்குப் பொருத்துக்கூலியோடு 410 டாலர் சொன்னார்கள், வரி சேர்த்தால் 463 வருகிறது, வருவதற்கு மூன்று நாள் ஆகுமாம். ஜங்க்யார்டில் கேட்டால் 2010 எஸ்கேப் ஒன்று நிற்கிறது, கண்ணாடி 70 டாலர், நாமே கழற்றிக்கொள்ள வேண்டுமாம். பக்கத்து கராஜில் அதை மாட்டித்தர 80 கேட்கிறார்கள். பழையது வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

கொக்குவில்:
சனிக்கிழமை நான் வருகிறேன் தம்பி, என்னிடம் சாக்கெட் செட் இருக்கிறது. தடித்த கையுறையும் பூட்ஸும் போட்டு வாருங்கள், சாதாரணச் சப்பாத்தோடு உள்ளே விடமாட்டார்கள். பழைய போர்வை இரண்டு கொண்டு வாருங்கள்.

கண்ணாடி வேலை:
காசு கொடுக்கும் முன் கண்ணாடியின் நாலு ஓரத்தையும் விரலால் அல்ல, கண்ணால் சுற்றிப் பாருங்கள். நடுவில் மேலோட்டமான சிராய்ப்பு இருந்தாலும் பரவாயில்லை, ஓரத்தில் அரிசி அளவு சில்லு போயிருந்தால் எடுக்க வேண்டாம், அது பிறகு ஒருநாள் கதவை அடிக்கும்போது நொறுங்கும். சூடேற்றும் கோடுகளில் எங்காவது அறுந்திருக்கிறதா என்று வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள், இரண்டு பக்கத்திலும் வயர் மாட்டும் தகட்டுக் காது இருக்க வேண்டும், ஒன்று கழன்றிருந்தாலும் வேலை செய்யாது. சில எஸ்யூவிகளில் ஸ்ட்ரட் வழியாகவே மின்சாரம் போகும், அதனால் வயர் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். கீல், திருகு, ரப்பர் வாஷர் எல்லாவற்றையும் கண்ணாடியோடு சேர்த்து எடுங்கள், தனித்தனியாகத் தேடினால் கிடைக்காது. வைப்பர் மோட்டார் கண்ணாடியில் இருக்கிறதா கதவில் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள்.

கழற்றும்போது ஒருவர் கண்ணாடியை இரண்டு கையாலும் தாங்க, மற்றவர் முதலில் ஸ்ட்ரட், பிறகு கீல். தரையில் மூலையை ஊன்றி வைக்க வேண்டாம், போர்வையில் சுற்றி நீளப் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். உங்கள் வாகனத்தில் மாட்டும் முன் கதவின் ரப்பர் விளிம்புக்குள்ளும் பூட்டுக்குள்ளும் இருக்கும் துண்டுகளை வேக்குவத்தால் எடுத்துவிடுங்கள். பூட்டுக்குள் ஒரு துண்டு இருந்தாலும் சரியாக அடையாது. கீல் திருகுகளைக் கையால் இறுக்கி, மெதுவாக மூடிப் பார்த்து, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக வந்த பிறகுதான் முழுவதும் இறுக்க வேண்டும், அதையும் அளவுக்கு மிஞ்சி இறுக்கக் கூடாது. கராஜ்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லுங்கள், 80க்கு ரசீதும் கேளுங்கள்.