ஆம்பூர்ப் போர் 1749: மண் மாதிரி செய்ய விவரம் வேண்டும்

ஏரிக்கரை:
வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்காக மாணவர்கள் ஆம்பூர்ப் போரை 6 அடிக்கு 4 அடி பலகையில் மண் மாதிரியாகச் செய்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இரண்டாம் கர்நாடகப் போர் என்று ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. நவாப் அன்வருதீன் எங்கே அரண் போட்டார்? 20,000 பேரை வைத்துக்கொண்டு எப்படித் தோற்றார்? ஆங்கிலேயர்–பிரெஞ்சுக்காரர் சண்டை என்றே பலகையில் எழுதிவிடலாமா?

துருகத்தடி:
அப்படி எழுதிவிடாதீர்கள் சார். ஆம்பூர்க் களத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையே கிடையாது. இது ஆற்காட்டு நவாப் பதவிக்காக எழுந்த உள்நாட்டுப் போர். 1740இல் தாமல்செருவுக் கணவாயில் நவாப் தோஸ்த் அலி மராட்டியரிடம் மடிந்ததிலிருந்தே அந்தக் குடும்பத்துக்குள் பகை. அவர் மகன் சப்தர் அலியை 1742இல் வேலூரில் கொன்றதே சொந்த உறவினர் முர்தசா அலியின் ஆட்கள்தான். அதன் பிறகு ஆற்காட்டுக்கு மேலதிகாரியான ஐதராபாத் நிஜாம் வெளியிலிருந்து அனுப்பிய ஆள் அன்வருதீன். 1748இல் நிஜாமும் இறந்துபோக, ஐதராபாத்திலும் வாரிசுச் சண்டை. நிஜாமின் பேரன் முசாபர் ஜங்கும், தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிபும் கைகோத்து ஆற்காட்டைப் பிடிக்க வந்தார்கள். பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே படை அனுப்பிச் சேர்ந்துகொண்டார்.

இடம்: கோட்டை இருந்த மலை ஒரு பக்கம், கொஞ்சம் தள்ளிப் பெரிய ஏரி. நடுவில்தான் கணவாய் வழி. அதை மறித்து மண் அரண். பீரங்கிகளை இயக்கியவர்கள் கூலிக்கு வந்த ஐரோப்பியர் சுமார் 60 பேர். அரணுக்கு முன்னால் இருந்த நிலத்தில் ஏரித் தண்ணீரைத் திறந்து விட்டிருந்தார்கள். மாதிரியில் இந்தச் சேற்று நிலத்தை விட்டுவிட்டால் போரே புரியாது. குதிரைப்படையை வேகமாக வர விடாமல் தடுத்தது அதுதான்.

செய்யும்போது: மலை உயரத்தை இரண்டு மடங்காகக் கூட்டிக் காட்டுங்கள். அளவுப்படி செய்தால் 6 அடிப் பலகையில் மலை மேடு போலத்தான் தெரியும், கணவாய் எடுபடாது. ஏரியில் நிஜத் தண்ணீர் வேண்டாம், களிமண் ஊறி அரண் சரிந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு நீலம் அடித்து மேலே இரண்டு கோட் வார்னிஷ். சேற்று நிலத்துக்குப் பழுப்பு நிறமும் அதே வார்னிஷும். காய்வதற்கு முன் அடித்தால் வெடிப்பு விழும்.

மருந்துப்பை:
எப்படித் தோற்றார் என்பதற்கு: எதிர்ப்பக்கம் மொத்தம் சுமார் 40,000 பேர் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. ஆனால் அரணை உடைத்தவர்கள் பிரெஞ்சுத் தளபதி தோத்தேயின் சுமார் 400 ஐரோப்பியரும் 2,000 சிப்பாய்களும்தான். முதல் பாய்ச்சலைப் பீரங்கி தடுத்தது. இரண்டாவது அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தது, பலர் மண்சுவர் மேலேயே ஏறிவிட்டார்கள். ஆனாலும் திருப்பி அடிக்கப்பட்டார்கள், தோத்தேவுக்குத் தொடையில் காயம். மூன்றாவது முறை இன்னொரு பிரெஞ்சு அதிகாரி புஸ்ஸி முன்னின்றார். அதற்குள் அரணில் ஆள் மெலிந்துவிட்டதால் உள்ளே புகுந்துவிட்டார்கள். முன்வரிசையில் நின்றவர்களை நேரத்துக்கு மாற்றாவிட்டால் எந்த அரணும் இப்படித்தான் விழும்.

அரண் போன பிறகு நடந்தது வேறு சண்டை: நவாப் பக்கம் திரித் துப்பாக்கி, பிரெஞ்சுப் பக்கம் சக்கிமுக்கித் துப்பாக்கி. திரித் துப்பாக்கி வைத்திருப்பவன் கையில் எரியும் திரி, இடுப்பில் மருந்து. பொறி பட்டால் பக்கத்து ஆளும் போய்விடுவான் என்பதால் தள்ளித் தள்ளித்தான் நிற்க முடியும். சக்கிமுக்கித் துப்பாக்கியில் அந்தத் தொல்லை இல்லை. காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, துப்பாக்கியின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கிண்ணியில் சிட்டிகை மருந்து போட்டு மூடி, மீதி மருந்தையும் குண்டையும் குழாயில் கொட்டி, கம்பியால் இடித்து, சுத்தியலை முழுதும் இழுத்துச் சுட வேண்டும். பழகியவன் நிமிடத்துக்கு 2, 3 முறை சுடுவான். தோளோடு தோள் நின்று வரிசையாகச் சுடும்போது அந்த வேகம் எதிரே வருபவர்களை நிலைகுலைய வைக்கும். 1746இல் அடையாற்றங்கரையில் அன்வருதீனின் மூத்த மகன் மாபுஸ் கான் பிரெஞ்சுக்காரரிடம் பட்டதும் இதே அடிதான். ஆம்பூரில் திறந்த வெளியை விட்டு அரணுக்குள் நின்றதற்கு அந்தப் பாடமே காரணம் என்பது என் எண்ணம்.

பொம்மைகளில் அன்வருதீனை யானை மேல் வையுங்கள். சந்தா சாகிபின் கொடி தெரிந்ததும், அந்த யானையை நோக்கி ஓட்டு என்று பாகனை ஏவினார். பிரெஞ்சுப் படையில் இருந்த ஆப்பிரிக்க வீரன் ஒருவனின் குண்டு மார்பில் பாய்ந்து சரிந்தார். அம்பாரி காலியானதைப் படை முழுக்கப் பார்த்துவிட்டது. சம்பளம் கொடுப்பவரே போன பிறகு யாருக்காக நிற்பது? மாபுஸ் கான் பிடிபட்டார்.

ஏரிக்கரை:
மிக்க நன்றி. தேதி இடிக்கிறதே. ஒரு புத்தகத்தில் ஜூலை 23, இன்னொன்றில் ஆகஸ்ட் 3.

துருகத்தடி:
இரண்டும் ஒரே நாள். ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டி வைத்திருந்தார்கள், 11 நாள் பின்தங்கியது. பிரெஞ்சுக்காரர் கணக்கு ஆகஸ்ட் 3. பலகையில் அதையே போடுங்கள்.

கணவாய்க்காரன்:
ஒன்று விட்டுப்போனது. அன்வருதீனின் இன்னொரு மகன் முகம்மது அலி தப்பித் திருச்சிக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். வென்றவர்கள் உடனே துரத்தவில்லை. ஆற்காட்டில் நுழைந்து, பாண்டிச்சேரிக்கு மரியாதைக்குப் போய், பிறகு பணத்துக்காகத் தஞ்சாவூரை வளைத்து மாதங்களை விட்டார்கள். அந்த இடைவெளியில்தான் ஆங்கிலேயர் முகம்மது அலி பக்கம் காலூன்றினார்கள். 1751இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் ஆற்காட்டைப் பிடித்ததும், 1752இல் சந்தா சாகிபின் தலை போனதும் இதன் தொடர்ச்சிதான். மாதிரியில் தெற்கு ஓரம் பார்த்து ஒரு அம்புக்குறி போட்டு ‘முகம்மது அலி, திருச்சிக்கு’ என்று எழுதச் சொல்லுங்கள்.