காது கேட்குது, பேச்சு புரியல: அப்பாவுக்கு மெஷின் வைக்கலாமா?

பள்ளிபாளையத்தான்:
அப்பாவுக்கு 68 வயது. முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். "காது கேட்குதுப்பா, பேச்சுதான் புரியல" என்கிறார். ஆடியோகிராமில் (காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) தாழ்ந்த சுருதி பரவாயில்லை, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் விழுகிறது. காது மெஷின் கடையில், வைக்காவிட்டால் மறதி நோய் வந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. உண்மையா?

வேம்பு:
தம்பி, முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். 2011-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஃபிராங்க் லின் குழு 639 பேரைப் பல வருஷம் கவனித்தது. காது லேசாக மந்தமானவர்களுக்கு மறதி நோய் வாய்ப்பு இரண்டு மடங்கு, மிக மோசமானவர்களுக்கு ஐந்து மடங்கு. இரண்டும் சேர்ந்து வருகின்றன என்றுதான் அது காட்டியது. மெஷின் கொடுத்தே பார்த்த 'அச்சீவ்' சோதனை 2023-ல் லான்செட்டில் வந்தது. 977 முதியவர்கள், மூன்று வருஷம். மொத்தமாகப் பார்த்தால் சிந்தனைத் திறனில் வித்தியாசம் இல்லை. இதைச் சொல்லாமல் வயதானவரைப் பயமுறுத்தி விற்பது அநியாயம்.

செவிமடல்:
நான் ஆடியோலஜிஸ்ட், காது கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் பொருத்துபவர். பயமுறுத்தியது தப்பு, சரி. ஆனால் வேம்பு அண்ணா பாதியைத்தான் சொன்னார். அதே சோதனையில், வயதும் இதய நோய் அபாயமும் கூடுதலாக இருந்த பிரிவில் சிந்தனைத் திறன் மங்கும் வேகம் 48 சதவீதம் குறைந்தது.

அதை விடுங்கள், அப்பா சொன்ன வாக்கியத்தைப் பாருங்கள். சத்தத்தின் பலம் உயிரெழுத்தில் இருக்கிறது, பொருளைப் பிரிப்பது பெரும்பாலும் உயர்சுருதியில் வரும் மெய்யெழுத்து. உயர்சுருதி போனால் படம், தடம், கடம் மூன்றும் "அடம்" மாதிரிதான் விழும். எது என்று மூளை ஊகிக்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் நாள் முழுக்க ஊகித்துக் களைத்துப்போய், கடைசியில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

வேம்பு:
48 சதவீதம் ஒரு பிரிவின் கணக்கு. மொத்தப் பேருக்கும் பலன் உண்டா என்ற முதன்மைக் கேள்விக்குக் கிடைத்த பதில் "இல்லை" என்பதுதான். என் அம்மாவின் மெஷின் பீரோவில் கிடக்கிறது. தட்டு விழுந்தால் காதைப் பொத்திக்கொள்வார், பேச்சு மட்டும் தெளியவில்லை.

இன்னொன்று. 2009-ல் குஜாவா, லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எலிகளை இரண்டு மணி நேரம் 100 டெசிபல் சத்தத்தில் வைத்தார்கள். கேட்கும் அளவு பழையபடி திரும்பிவிட்டது. ஆனால் உயர்சுருதிப் பகுதியில் மயிர்செல்லுக்கும் (உள்காதில் ஒலியை உணரும் செல்) நரம்புக்கும் நடுவே இருந்த இணைப்புகளில் பாதி வரை போய்விட்டன, திரும்பவில்லை. இணைப்பே அறுந்த பிறகு சத்தத்தைக் கூட்டி என்ன பயன்?

செவிமடல்:
அறுந்ததை மெஷின் ஒட்டாது. மிச்சமிருக்கும் நரம்புக்குச் செய்தி போக வேண்டுமே, அதற்குத்தான் மெஷின். உயிரோடு இருக்கும் மனிதரிடம் அந்த இணைப்புகளை எண்ணவும் வழியில்லை.

தட்டுச் சத்தத்துக்கு வருகிறேன். மெல்லிய ஒலியை உள்காதில் பெருக்கிக் கொடுப்பவை வெளி மயிர்செல்கள். அவை செத்தால் சின்னச் சத்தம் மறைந்துவிடும், பெரிய சத்தம் பழைய பலத்தோடே வரும். கேட்கத் தொடங்கும் அளவுக்கும் தாங்க முடியாத அளவுக்கும் நடுவில் இடைவெளி குறுகிப்போகிறது. அதற்கேற்ப மெஷினைத் திருத்தித் திருத்தி வைக்க வேண்டும், மூளை பழகவும் வாரக்கணக்கில் ஆகும். அம்மாவுக்கு எத்தனை முறை சரிபார்த்தார்கள்?

வேம்பு:
ஒரே முறை. வாங்கின அன்றைக்கு. திரும்ப வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மறதி நோய் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. அம்மாவை மட்டும் மறுபடி கூட்டிப்போகிறேன்.

பள்ளிபாளையத்தான்:
நேற்று டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பேசினேன். ஒரு வார்த்தை விடாமல் பதில் சொன்னார். டிவியைப் போட்டுவிட்டு அதையே கேட்டேன், முழித்தார். மெஷின் வைத்துப் பார்க்கிறோம், பேச்சுக்காக மட்டும்.

தம்பிக்கு 32 வயது, இப்போது அவன்தான் தறியில் நிற்கிறான். ஆடியோகிராம் நார்மல். ஆனால் டீக்கடையில் பேசினால் புரியவில்லை என்கிறான்.

செவிமடல்:
இணைப்பு அறுந்த அந்த எலிகளுக்கும் கேட்கும் அளவு நார்மல்தான். உங்கள் தம்பிக்கும் அதேதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தறியில் நிற்கும்போது நாளைக்கே காதை அடைக்கச் சொல்லுங்கள்.

வேம்பு:
இதில் எனக்கு மறுப்பே இல்லை. பஞ்சு வேண்டாம், அது சத்தத்தைத் தடுக்காது. ஃபோம் அடைப்பானை மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலே இழுத்து உள்ளே வைத்து, விரியும்வரை விரலால் பிடித்திருக்கச் சொல்லுங்கள்.