சார்ட்டர் பள்ளிக்கு விதிமீறல் அறிவிப்பு: நம் ஊர் அங்கீகார ரத்தும் இதுவும் ஒன்றா?

கேள்வி: பாலக்கோட்டான்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை கலிஃபோர்னியாவில் வசிக்கிறாள். அவள் மகன் ஆறாம் வகுப்பு படிக்கும் பள்ளியைச் ‘சார்ட்டர் பள்ளி’ என்கிறார்கள். கட்டணம் கிடையாது, அரசுப் பணத்தில் நடக்கிறது. ஆனால் நடத்துவது ஒரு தனி அமைப்பு. சென்ற வாரம், அந்தப் பள்ளிக்கு அனுமதி கொடுத்த உள்ளூர்க் கல்வி வாரியம், கணக்கு வழக்கில் குறை இருப்பதாகச் சொல்லி ‘விதிமீறல் அறிவிப்பு’ அனுப்பியிருக்கிறது. பள்ளி மூடப்படும் என்று பயந்துபோன தங்கை, இரவோடு இரவாக வேறு பள்ளி தேடிக்கொண்டிருக்கிறாள்.

நான் தருமபுரி பக்கம் ஒரு நர்சரி பிரைமரி பள்ளியில் கணக்கு எழுதுகிறேன். அங்கீகாரம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று ஆகிய நான்கையும் பையில் போட்டுக்கொண்டு அலைந்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த அனுபவத்தை வைத்துத் தங்கைக்கு நான் சொல்லும் ஆறுதல் சரிதானா என்று எனக்கே தெரியவில்லை. அங்கே அனுமதி தருவது யார், மேற்பார்வை யாருடையது, ரத்து வரை போக எத்தனை படிகள் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: ஓசூர்க்காரர், இப்போது சான் ஹோசே

ஐயா, முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நமக்கு மாவட்டம் என்றால் ஆட்சியர் அலுவலகமும், பள்ளி விஷயமென்றால் முதன்மைக் கல்வி அலுவலரும்தான். இங்கே ‘ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என்பது பள்ளிகளுக்காக மட்டுமே உள்ள தனி உள்ளாட்சி அமைப்பு; அதன் வாரிய உறுப்பினர்களை ஊர் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் தங்கையின் பள்ளிக்குக் கடிதம் அனுப்பியிருப்பது அந்த வாரியம். குழப்பம் தவிர்க்க அதைப் பள்ளி வட்டாரம் என்றே எழுதுகிறேன்.

சார்ட்டர் என்பது அங்கீகாரச் சான்றிதழ் அன்று, காலக்கெடு உள்ள ஓர் ஒப்பந்தம் என்று கொள்வதே பொருத்தம். 1991-இல் மினசோட்டா மாநிலம் இதற்கு முதன்முதலில் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா இயற்றியது. பள்ளி தொடங்க விரும்புவோர், என்ன கற்பிப்போம், மாணவர் எந்த அளவுக்குத் தேற வேண்டும், அதை எப்படி அளப்போம், நிர்வாகம் யார் கையில், பள்ளி மூடப்பட்டால் மாணவர் பதிவேடுகள் எங்கே போகும் என்பது வரை எழுதி, குறிப்பிட்ட அளவு பெற்றோர் அல்லது ஆசிரியர் கையெழுத்துகளுடன் பள்ளி வட்டாரத்திடம் மனுவாகக் கொடுக்க வேண்டும். வாரியம் 60 நாட்களுக்குள் பொது விசாரணைக் கூட்டம் நடத்தி, 90 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். மறுத்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மனுதாரர் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) கல்வி வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம். முதல் அனுமதி அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கு. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, புதிய பள்ளியால் வட்டாரத்தின் நிதிநிலை பாதிக்கப்படுமா என்பதையும் வாரியம் எடைபோடலாம். இலாப நோக்குள்ள நிறுவனங்கள் சார்ட்டர் பள்ளி நடத்தவும் அதே ஆண்டு ஜூலை முதல் தடை வந்துவிட்டது.

அனுமதி கொடுத்தவரே மேற்பார்வையாளர் என்பதுதான் இதில் முக்கியம். ஆண்டுக்கு ஒருமுறையாவது பள்ளிக்கு நேரில் வர வேண்டும். வரவு செலவுத் திட்டம், இரண்டு இடைக்கால நிதி அறிக்கைகள், தணிக்கை அறிக்கை எல்லாம் அவர்களிடம் போகும். இதற்காகப் பள்ளியின் வருவாயில் 1 சதவீதம் வரை கட்டணம் வாங்கலாம். வாடகையே இல்லாமல் கட்டடம் கொடுத்திருந்தால் 3 சதவீதம் வரை. என் பார்வையில் ஓட்டை இங்கேதான். சில சிறிய வட்டாரங்கள், தம் எல்லைக்கு வெகு தொலைவில் உள்ள பிள்ளைகளைச் சேர்த்த இணையவழிப் பள்ளிகளுக்கு அனுமதி கொடுத்து, அந்தக் கட்டணத்தைத் தம் வருமானமாக்கிக்கொண்டன. 2019-இல் சான் டியேகோவில் ‘ஏ3’ இணையவழிப் பள்ளிகள் தொடர்பாக 11 பேர் மீது குற்றச்சாட்டு பதிவானபோதுதான் அந்த விவகாரம் வெளிச்சத்துக்கு வந்தது. வகுப்பறை இல்லாத புதிய பள்ளிகளுக்கு 2020 முதல் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் தங்கையின் கவலைக்கு வருகிறேன். விதிமீறல் அறிவிப்பு என்பது ரத்து ஆணை அன்று. அது முதல் படி. ஒப்பந்த நிபந்தனையைக் கடுமையாக மீறுதல், மாணவர் தேர்ச்சி இலக்கை எட்டாமை, நிதி முறைகேடு, சட்டமீறல் ஆகிய காரணங்களுக்கே ரத்து செய்ய முடியும். அப்போதும் குறையைச் சரிசெய்யப் பள்ளிக்கு நியாயமான அவகாசம் தர வேண்டும். சரியாகவில்லை என்றால் ‘ரத்து செய்ய உத்தேசம்’ என்ற இரண்டாவது அறிவிப்பு வரும். அதிலிருந்து 30 நாட்களுக்குள் பொது விசாரணை, பிறகு 30 நாட்களுக்குள் முடிவு. அதன் மேலும் கவுண்டி வாரியத்துக்கு மேல்முறையீடு உண்டு. மாணவர் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடி ஆபத்து என்று வாரியம் எழுத்தில் பதிவு செய்தால் மட்டுமே அவகாசம் இல்லாமல் போகும்.

பதில் 2: ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர், தருமபுரி

கல்வித்துறைக் கோப்புகளோடு முப்பது ஆண்டு வாழ்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம் அங்கீகார முறை பெரும்பாலும் கட்டடத்தைக் கேள்வி கேட்கிறது. அவர்களுடைய முறை கணக்கையும் தேர்ச்சியையும் கேள்வி கேட்கிறது. நாம் ஏன் கட்டடத்தில் நிற்கிறோம் என்பதற்கு 16-7-2004 அன்று கும்பகோணத்தில் கருகிய 94 பிள்ளைகளே பதில். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி ஆறு மாதம்கூட ஆகாத நேரம் அது. கோப்புகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்துக்கொண்டிருந்த நாங்கள், அவற்றை அப்படியே வைத்துவிட்டுக் கீற்றுக் கொட்டகைகளை எண்ணக் கிளம்பினோம். ஒரு பள்ளியில் மேலதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் முன்பக்கக் கீற்றை மட்டும் இறக்கிவிட்டு, பின்பக்கச் சமையல் கொட்டகையை அப்படியே விட்டிருந்தார்கள். புகைபடிந்த அந்தக் கீற்று இன்றும் கண்ணில் நிற்கிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை நம் பக்கமும் படிகள் இல்லாமல் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 18-ஆவது பிரிவின்படி, பள்ளியின் தரப்பைக் கேட்காமல் அங்கீகாரத்தைத் திரும்பப் பெற முடியாது. திரும்பப் பெறும் ஆணையிலேயே அந்தப் பிள்ளைகள் எந்த அருகமைப் பள்ளியில் சேர்க்கப்பட வேண்டும் என்று குறிப்பிட்டாக வேண்டும். அங்கீகாரம் இல்லாமல் நடத்தினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். ஓசூர் நண்பரிடம் ஒரு கேள்வி: அங்கே பள்ளி மூடப்பட்டால் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

பதில் 3: ஓசூர்க்காரர், இப்போது சான் ஹோசே

நல்ல கேள்வி ஐயா. சார்ட்டர் பள்ளிகளில் சேர்வது விருப்பத்தின் பேரில். யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்க முடியாது. எனவே வீட்டு முகவரிக்கு உரிய வட்டாரப் பொதுப்பள்ளியில் அந்தப் பிள்ளைக்கு எப்போதும் இடம் உண்டு. ஆனால் ஆண்டின் நடுவில் மூடினால் பெற்றோர் படும் பாடு சொல்லி மாளாது. மூடும் நடைமுறையையும் இறுதித் தணிக்கையையும் பதிவேடு மாற்றத்தையும் மனுவிலேயே எழுதி வாங்குவது அதனால்தான்.

கேள்வியாளர்: பாலக்கோட்டான்

இருவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்தபின் தங்கையிடம் அந்தக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஏழு பக்கம். முதல் பக்கத்தைப் பார்த்துத்தான் அவள் பயந்திருக்கிறாள். ஐந்தாம் பக்கத்தில், தணிக்கை அறிக்கை தாமதமானதற்கும் இரண்டு செலவினங்களுக்கு ரசீது இல்லாததற்கும் விளக்கம் கொடுக்க 45 நாள் அவகாசம் தந்திருக்கிறார்கள். ரசீது இல்லாத செலவு என்றால் எனக்குப் புதிதா என்ன! வாரியக் கூட்டத்துக்குப் பெற்றோர் போகலாமா?

பதில் 4: ஓசூர்க்காரர், இப்போது சான் ஹோசே

தாராளமாகப் போகலாம். வாரியத்தின் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே பொருள்நிரலை வெளியிட வேண்டும். பொதுமக்கள் எழுந்து பேச நேரம் ஒதுக்க வேண்டும். சார்ட்டர் பள்ளியின் சொந்த நிர்வாகக் குழுவுக்கும் அதே விதிதான். வட்டார வாரியத்தின் கூட்டத்துக்கு முன், பள்ளியின் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கே உங்கள் தங்கை முதலில் போகட்டும். அந்த இரண்டு செலவினங்கள் எவை, யார் அனுமதித்தது என்று பெயர் சொல்லிக் கேட்கட்டும். பதிலைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லவும் மறக்க வேண்டாம்.