மான்ஸ்டெரா இலையின் துளைக்கு ஒரு சொல்: 'காலதர்'

அன்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் வளர்க்கும் மான்ஸ்டெரா கொடியின் இலைகளில் தாமாகவே துளைகள் வரும். ஆங்கிலத்தில் அதை ஃபெனஸ்ட்ரேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். 'இலைத்துளை' போதாதா என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். போதாது. நம் பாடநூல்களில் அது ஸ்டொமேட்டாவின், அதாவது இலை காற்றைப் பரிமாறும் நுண்துளைகளின் பெயர். இலங்கையில் 'இலைவாய்' என்பார்கள். நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய துளை அது. "மான்ஸ்டெராவின் இளம் இலையில் இலைத்துளை இருக்காது" என்று எழுதினால், படிக்கிற மாணவர் அந்த இலைக்குக் காற்றுப் பரிமாற்றமே இல்லை என்று நினைத்துவிடுவார்.

'ஓட்டை' பேச்சுக்குச் சரி. ஆனால் ஓட்டை என்றாலே நமக்குப் பழுதுதான். எங்கள் வீட்டுச் செடியில் முதல் துளை இலை விரிந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த அத்தை "பூச்சி அரிச்சிருக்கு" என்று வேப்பெண்ணெயைக் கரைத்துத் தெளித்துவிட்டார். செடி மேல் உள்ள அக்கறைதான்.

அந்த இலை விரிவதை நான் தினமும் கவனித்தேன். சுருட்டிய பாய் மாதிரி வெளிர் பச்சையில் எழும்பியது. சுருள் கொஞ்சம் தளர்ந்ததுமே நடுநரம்பை ஒட்டி நீளவாக்கில் ஓர் இடைவெளி தெரிந்தது. அதன் ஓரம் மடித்துத் தைத்த துணிபோல வழவழவென்று இருந்தது. பூச்சி கடித்த இடம் இப்படி இருக்காது, பழுப்பேறிக் காய்ந்திருக்கும். இலை மொட்டுக்குள் மிகச் சிறிதாக இருக்கும்போதே சில இடங்களில் செல்கள் தாமாக மடிந்துவிடுகின்றன. பிறகு இலை வளர வளரத் துளையும் பெரிதாகிறது. ஆக, இது கிழிசல் இல்லை, வளர்ச்சி. சொல்லிலும் அது தெரிய வேண்டும்.

போன வாரம் நான் முன்வைத்த 'இலைக்கண்'ணைத் திரும்பப் பெறுகிறேன். சல்லடைக்கண், வலைக்கண் என்று புழங்குவதால் எனக்குப் பிடித்திருந்தது. அதற்கு அக்கா ஒருவர் சொன்ன மறுப்பு வலுவானது: தோட்டக்காரர்களுக்குக் கண் என்றால் முளை வரும் இடம். மான்ஸ்டெராவைப் பதியம் போடக் கணுவும் கண்ணும் உள்ள தண்டுத்துண்டு வேண்டும். வெறும் இலையைக் காம்போடு வெட்டித் தண்ணீரில் வைத்தால், வேர் விட்டாலும் புதுச் செடி வராது. "கண் உள்ளதாக வெட்டுங்கள்" என்பதைப் படித்துவிட்டு ஒருவர் துளையுள்ள இலையை நறுக்கினால் தவறு நம்முடையது.

அடுத்தது 'இலைச்சாளரம்'. மூலமான லத்தீன் சொல்லுக்கும் சாளரம் என்றுதான் பொருள். ஆனால் ஹாவொர்த்தியா போன்ற சதைப்பற்றுச் செடிகளின் இலை நுனியில் ஒளி புகும் கண்ணாடி போன்ற பகுதி உண்டு. தாவரவியலில் சாளரம் எனப்படுவது அதுதான். ஒளி போகும், காற்று போகாது. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைப்போம்.

அதனால்தான் 'காலதர்'. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் 'மான்கண் காலதர்' என்று மாளிகையின் சாளரத்தைச் சொல்கிறது. இன்று பேச்சில் அதிகம் புழங்காத சொல். இலையின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் காற்று போகும் திறப்புக்கு நேராகப் பொருந்துகிறது. பழஞ்சொல், யாருக்குப் புரியும் என்ற கேள்வி வரும். ஒருமுறை பிரித்துச் சொன்னால் புரிந்துவிடும் என்பது என் நம்பிக்கை. அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். "காத்து போற வழியா, சரிதான்" என்றார்.

வளர்ப்புக் குறிப்புகளில் இப்படி வரும்:

"இளஞ்செடியின் இலைகள் இதய வடிவில் முழுதாக இருக்கும், செடி முதிர்ந்த பிறகே காலதர் விடும். வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்தால் காலதர் இல்லாத சிறிய இலைகளே வரும். நல்ல வெளிச்சம் உள்ள சன்னலருகே, உச்சி வெயில் நேரே படாமல் வையுங்கள். மெக்சிகோவின் தென்பகுதி முதல் பனாமா வரையிலான காடுகளில் மரமேறி வளரும் கொடி என்பதால், தென்னை நார் சுற்றிய கம்பு ஒன்றை ஊன்றிவிட்டால் இலை பெரிதாகும்."

எனக்குத் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. காலதர் இலை, காலதர் விடுதல் என்று பெயரும் வினையும் எளிதாகக் கிடைக்கின்றன.

இன்னும் ஒன்று முடிவாகவில்லை. காலதர் ஓரம்வரை எட்டித் திறந்துகொண்டால் அதைப் 'பிளவு' எனலாம். இரண்டு பிளவுகளுக்கு நடுவே விரல்போல நிற்கும் பகுதிக்குக் 'கீற்று' என்கிறேன். தென்னங்கீற்றோடு குழம்புமா? தென்னை வளர்ப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.