ஃபங்ஷனல் மொழி (மதிப்புகளை மாற்றி எழுதாமல், ஃபங்ஷன்களை வைத்தே புரோகிராம் எழுதும் மொழி) பக்கம் உங்களைத் தள்ளியது எது?

டிக்கெட் புக்கிங் மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கும் குழுவில் இருந்தேன். எல்லாம் ஜாவா. அவ்வப்போது ஒரு விசித்திரமான புகார் வரும்: டிக்கெட்டில் வேறு யாருடைய பயணத் தேதியோ அச்சாகியிருக்கிறது என்று. நாங்கள் ஓட்டிப் பார்த்தால் ஒரு கோளாறும் இருக்காது, டெஸ்ட் அத்தனையும் பாஸ். தீபாவளி, பொங்கல் என்று கூட்டம் முட்டும்போது மட்டும் மறுபடி தலைகாட்டும்.

கடைசியில் மாட்டியது சிம்பிள்டேட்ஃபார்மேட் என்ற கிளாஸ். தேதியை எழுத்தாக மாற்றித் தருவது அதன் வேலை. எங்களுக்கு முன்னால் இருந்த யாரோ அதில் ஒரே ஒரு ஆப்ஜெக்டை ஸ்டாட்டிக்காக, அதாவது புரோகிராம் முழுவதற்கும் பொதுவாக வைத்து, எல்லா த்ரெட்டும் (ஒரே நேரத்தில் இணையாக ஓடும் வேலைகள்) அதையே பயன்படுத்தும்படி எழுதிவிட்டுப் போயிருந்தார். அந்த கிளாஸ் தனக்குள் ஒரு காலண்டரை வைத்திருக்கும். நாம் கொடுக்கும் தேதியை முதலில் அதில் குறித்துக்கொள்ளும், அப்புறம் அதைப் பார்த்து எழுத்தாக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு த்ரெட் புகுந்து தன் தேதியைக் குறித்துவிட்டால், என் டிக்கெட்டில் உங்கள் தேதி. பல த்ரெட்டுகளுக்குப் பொதுவில் வைக்காதீர்கள் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

2014-இல் வந்த ஜாவா 8-இல் அதே வேலைக்கு டேட்டைம்ஃபார்மேட்டர் இருக்கிறது. உருவாக்கிய பிறகு அதை மாற்றவே முடியாது. அதற்கு மாறினோம், புகார் நின்றது. எனக்குத்தான் உறுத்தல் நிற்கவில்லை. தேதி உள்ளே போகிறது, எழுத்து வெளியே வருகிறது என்றுதான் பழைய கிளாஸின் மெத்தட் வெளியே சொல்கிறது. உள்ளே ஒரு பொதுக் காலண்டரை அழித்து எழுதுகிறது என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. இதைச் சொல்லிப் புலம்பியபோது டீமில் ஒருவர், "ஹாஸ்கெல்ல அது டைப்லயே தெரிஞ்சுடுமே" என்றார். டைப் என்றால், எதை வாங்கி எதைத் தரும் என்று ஃபங்ஷனோடு சேர்த்து எழுதும் குறிப்பு. அந்த ஒரு வரிக்காகத்தான் ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியைக் கற்க உட்கார்ந்தேன்.

சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்தும் எஸ்.பி. சுரேஷும் என்பிடெல் என்ற இணைய வகுப்புத் தளத்தில் நடத்திய ஹாஸ்கெல் வகுப்பைப் பார்த்தேன். (சிறுசேரியில் அவர்கள் மாணவர்களுக்குப் புரோகிராமிங்கையே ஹாஸ்கெல்லில்தான் ஆரம்பிக்கிறார்கள். கொடுத்துவைத்தவர்கள்.) தொடக்கத்தில் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் கட்டளை) கிடையாது. ஒரு லிஸ்ட்டின் கூட்டுத்தொகை வேண்டுமென்றால், காலி லிஸ்ட்டுக்குப் பூஜ்யம், மற்றதற்கு முதல் எண்ணோடு மிச்ச லிஸ்ட்டின் கூட்டுத்தொகை என்று சொல்ல வேண்டும். அது பழகிவிடும். எனக்கு வேண்டியது அதற்கப்புறம் வந்தது: கொடுத்த தேதியை எழுத்தாக்கும் ஃபங்ஷனுக்கு ஒரு டைப், கடிகாரத்தைப் பார்த்து இன்றைய தேதியைச் சொல்வதற்கு வேறு டைப். வெளி உலகத்தைத் தொட்டால் ஐஓ (இன்புட்-அவுட்புட்) என்று டைப்பில் ஒட்டிக்கொள்ளும், அதைக் கூப்பிடுகிற ஃபங்ஷனுக்கும் தொற்றும். திருட்டு வழி ஒன்று உண்டு, ஆனால் அதன் பெயரே 'அன்சேஃப்' என்றுதான் ஆரம்பிக்கும்.

ஹாஸ்கெல்லால் இதுவரை ஒரு ரூபாய் சம்பாதித்ததில்லை. சம்பளத்துக்காக வருகிறவர்கள் வேறு மொழி பார்ப்பது நல்லது.

* * *

அண்ணா, எனக்கு இவ்வளவு கௌரவமான காரணமெல்லாம் கிடையாது. பொறாமைதான். ஒரே சர்வரில் இருபது லட்சம் இணைப்புகளைத் தாங்குகிறோம் என்று 2012-இல் வாட்ஸ்அப்காரர்கள் எழுதியிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த சாட் சர்வர் சில ஆயிரத்துக்கே மூச்சுவாங்கும். அவர்கள் எழுதியது எர்லாங்கில். எரிக்சன் நிறுவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்காக 1980-களில் உருவாக்கிய மொழி. அதில் ஒவ்வொரு பேச்சுக்கும் தனித்தனியாக ஒரு குட்டி பிராசஸ் (தனியாக ஓடும் வேலை). ஒன்று செத்தால் மற்றவற்றுக்கு ஒன்றும் ஆகாது, மேலே இருக்கும் சூப்பர்வைசர் புதிதாக ஒன்றைக் கிளப்பிவிடும். மொழி மாற்றினாலே இருபது லட்சம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், ஆபரேட்டிங் சிஸ்டம் வரை குடைந்திருந்தார்கள். எர்லாங்கின் கமா, செமிகோலன், முற்றுப்புள்ளி விதிகள் பிடிக்காமல் நான் எலிக்ஸிர் என்ற மொழிக்குப் போய்விட்டேன். அடியில் ஓடுவது எர்லாங்கின் அதே விர்ச்சுவல் மெஷின்தான். சம்பளமும் இதில்தான் வருகிறது.

* * *

நான் புரோகிராமரே இல்லை, ஆடிட்டர் ஆபீஸ். வருமான வரி ஸ்லாபுக்கு இஃப்புக்குள் இஃப் போட்ட ஒரு நீள ஃபார்முலா, ஷீட் ஷீட்டாகக் காப்பி ஆகிக்கொண்டே போகும். பட்ஜெட்டில் ஸ்லாப் மாறினால் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும். எக்ஸெல்லில் லாம்டா (நாமே சொந்தமாக ஒரு ஃபங்ஷன் எழுதிக்கொள்ளும் வசதி) வந்ததும் அதற்கு ஒரு பெயர் வைத்து ஒரே இடத்தில் எழுதினேன். அப்புறம் மேப், ரெட்யூஸ் என்று பார்க்கப் பார்க்க, இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனதில் லாம்டா கால்குலஸ், 1930-கள், அலோன்சோ சர்ச் என்ற கணிதவியலாளர் என்று எங்கேயோ போய் நின்றது. ஃபார்முலா மட்டுமே போட்டுப் பழகியதால் லூப் இல்லாதது எனக்குக் குறையாகவே தெரியவில்லை. முதல் ஆள் சொன்ன அதே வகுப்பில்தான் இருக்கிறேன், இப்போது ஐஓ பாடம். மொனாட் (ஐஓ போன்ற படிகளை ஒன்றோடொன்று கோர்க்கும் கருத்து) என்று ஆரம்பித்ததிலிருந்து ஒன்றும் ஏறவில்லை. அதை இப்போதைக்கு விட்டுவிட்டு டூ நோட்டேஷனை (அந்தப் படிகளை வரிவரியாக எழுதும் முறை) மட்டும் வைத்து ஓட்டலாமா, சார்?