42 பாய் இருந்தும் அது பாய்க்கப்பல் இல்லையா?

தாராவித் தூத்துக்குடியான்: ‘ராயல் கிளிப்பர் என்ற சுற்றுலாக் கப்பல் பாய்க்கப்பலே இல்லை, எஞ்சின் கப்பலுக்குச் சேலை கட்டிவிட்டிருக்கிறார்கள்’ என்று மாட்டுங்கா மணி நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 5 பாய்மரம், 42 பாய். எல்லாம் விரித்தால் 5,000 சதுர மீட்டருக்கு மேல் துணி. 1902இன் ஜெர்மன் கப்பல் பிராய்சனை மனதில் வைத்துக் கட்டி, 2000இல் ஓடவிட்டார்கள். மும்பைத் துறைமுகத்தின் பாலார்ட் பியரில் வந்து நிற்கும் அடுக்குமாடிக் கப்பல்களும் இதுவும் ஒன்றா?

மாட்டுங்கா மணி: டீசல் எஞ்சின் இருக்கிறதா, இல்லையா? பிராய்சன் காற்றை மட்டுமே நம்பி ஓடியது.

தாராவித் தூத்துக்குடியான்: பிராய்சனிலும் பாரம் தூக்க நீராவி இயந்திரம் இருந்தது. அதை ஏன் விட்டீர்கள்? 1910இல் ஆங்கிலக் கால்வாயில் நீராவிக் கப்பலோடு மோதி, டோவர் பக்கம் கரைதட்டி அழிந்தது. சொந்த எஞ்சின் இருந்திருந்தால் தப்பியிருக்கலாம். என் தாத்தா கொழும்புக்குத் தோணி ஓட்டியவர். காற்று விழுந்தால் நடுக்கடலில் அப்படியே கிடப்பார்களாம். கயிறு இழுத்து உள்ளங்கை காய்த்து, சுடுசோற்றை அள்ளினாலும் அவருக்குச் சுடாது. அப்புறம் தோணிகளிலும் எஞ்சின் வைத்தார்கள். எங்கள் ஊரில் ஒருவரும் ‘இனி இது தோணி இல்லை’ என்று சொல்லவில்லை.

மாட்டுங்கா மணி: தாத்தா கதை வேண்டாம். எஞ்சின் இருக்கிறது. பாயை விரிப்பதுகூட மின்விசைதான். உங்கள் தாத்தாவின் காய்ப்பு அங்கே யார் கையில் இருக்கிறது?

செம்பூர் வாசகி: இதைவிடப் பெரியது விண்ட் சர்ஃப் என்ற பாய்க்கப்பல். நீளம் 187 மீட்டர். ராயல் கிளிப்பர் வெறும் 134.

தாராவித் தூத்துக்குடியான்: மீட்டர் கணக்கை யார் கேட்டது? விண்ட் சர்ஃபில் 7 பாய், அதையும் கணினி விரிக்கிறது. இங்கே 42! பயணிகளே இடுப்பில் வார் கட்டிக்கொண்டு பாய்மரம் ஏறலாம். கப்பலின் முன்முனைக்கு முன்னால் கட்டிய வலையில் படுத்தால் முதுகுக்குக் கீழே கடல்தான்.

செம்பூர் வாசகி: ‘யார் கேட்டது’ என்பதுதான் மரியாதையா? போன மாதம் எலிஃபெண்டா படகு பற்றிப் பேசியபோதும் என்னிடம் இப்படித்தான் எரிந்து விழுந்தீர்கள். நான் மறக்கவில்லை.

தாராவித் தூத்துக்குடியான்: அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி.

ஆண்டாப்ஹில் அண்ணாச்சி: நம் கடற்படையின் தரங்கிணியிலும் எஞ்சின் உண்டு. 2003–04இல் உலகைச் சுற்றி வந்தது. அதையும் பாய்க்கப்பல் இல்லை என்பீர்களா, மணி?

மாட்டுங்கா மணி: கடற்படையை இதில் இழுக்காதீர்கள். அது பயிற்சிக் கப்பல்.

தாராவித் தூத்துக்குடியான்: எஞ்சின் இருக்கிறதா, இல்லையா? உங்கள் கேள்விதானே, பதில் சொல்லுங்கள்.

மாட்டுங்கா மணி: பயிற்சிக்குப் போகிறவர்களும் காசு கொடுத்து நீச்சல்குளத்தில் கிடக்கிறவர்களும் ஒன்றா? எஞ்சின் எஞ்சின்தான்.

தாராவித் தூத்துக்குடியான்: 42 பாய். படம் போடுகிறேன், ஒவ்வொன்றாக எண்ணுங்கள்.