யு.எஃப். (அல்ட்ராஃபில்ட்ரேஷன்) மெம்ப்ரேன் ஜியார்டியா, கிரிப்டோங்கிற வயித்துப்போக்கு ஒட்டுண்ணிகளை நிறுத்துதான்னு எப்படி உறுதி பண்றது?

லைன்_தண்ணி: கோத்தகிரி பக்கம் தோட்டத்து லைன் வீடுகளுக்கு ஓடைத் தண்ணிதான். மேல மாடு மேயுது, காட்டுமாடும் இறங்குது. மணல் ஃபில்டர், அப்புறம் 0.02 மைக்ரான் யு.எஃப். (ஹாலோ ஃபைபர், அதாவது உள்ளே துளை இருக்கிற மெல்லிய இழைகள்), கடைசியில குளோரின். குழாய்த் தண்ணியில ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டுற பாக்டீரியா) இல்லைன்னு ரிப்போர்ட். இது போதுமா?

பிளான்ட்_ஆபரேட்டர்: போதாதுங்க. ஈ.கோலையைக் குளோரினே கொன்னுடும், கிரிப்டோஸ்போரிடியம் (கிரிப்டோ) தாங்கிடும். 1993-ல அமெரிக்காவில மில்வாக்கியில சுமார் 4 லட்சம் பேர் படுத்தது குளோரின் போட்ட தண்ணியாலதான். கிரிப்டோ 4–6 மைக்ரான், ஜியார்டியா 8–12. நல்ல மெம்ப்ரேன்ல ரெண்டும் நுழையாது. அறுந்த இழை, நழுவின ஓ-ரிங் வழியாத்தான் வரும். அதனால பார்க்க வேண்டியது கசிவை.

தினம் பிரஷர் டீகே டெஸ்ட் (ஏத்தின காத்தழுத்தம் எவ்வளவு வேகமா இறங்குதுன்னு பார்க்கறது) பண்ணுங்க. மெம்ப்ரேனோட ஒரு பக்கத் தண்ணியை வடிச்சிட்டு, இழை ஈரமா இருக்கும்போதே எண்ணெய் கலக்காத காத்தைச் சுமார் 1 பார் ஏத்தி வால்வை மூடுங்க. கிரிப்டோவை விடச் சின்ன 3 மைக்ரான் ஓட்டையில நிக்கிற தண்ணியைத் தள்ள அவ்வளவு வேணும். குறைச்சா ஓட்டை தெரியாது. மாடியூல் (இழைகள் அடங்கின குழாய்) தாங்குற அளவை முதல்ல பாருங்க. கேஜ் இறங்குற வேகம் கம்பெனி வரம்பைத் தாண்டினா, முதல்ல வால்வு, மூட்டுல சோப்புத் தண்ணி தடவுங்க. பாதி நேரம் கசிவு அங்கதான்.

லைன்_தண்ணி: டர்பிடிட்டி (கலங்கல்) மீட்டர் இருக்கே சார், அது காட்டாதா?

பிளான்ட்_ஆபரேட்டர்: ஆயிரக்கணக்கான இழையில ஒண்ணு அறுந்தா நல்ல தண்ணியோட கலந்து மறைஞ்சிடும். கலங்கல் அளவு 0.15 என்.டி.யு.வை (கலங்கலோட அலகு) 15 நிமிஷம் தாண்டினா உடனே பிரஷர் டெஸ்ட் போடுங்க. தாண்டலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தமில்லை.

லேப்_நுண்ணுயிர்: எத்தனை லாக் நீக்குதுன்னு (1 லாக்னா பத்துல ஒண்ணுதான் தப்பும், 4 லாக்னா பத்தாயிரத்துல ஒண்ணு) எண் வேணும்னா சேலஞ்ச் டெஸ்ட்தான், அதாவது தெரிஞ்ச அளவு துகளை உள்ளே விட்டு வெளிய வர்றதை எண்றது. ஓடைத் தண்ணியில 10 லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு கிரிப்டோதான் கிடைக்கலாம். அதை வெச்சு 4 லாக் நிரூபிக்கவே முடியாது. யூனிட்டை லைன்லேருந்து பிரிச்சு, 3 மைக்ரான் ஒளிரும் மணிகளை (நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளை) லிட்டருக்கு 1 லட்சம் வீதம் விடுங்க. வெளித்தண்ணி 10 லிட்டரை 1 மைக்ரான் பாலிகார்பனேட் தாள்ல வடிச்சு, ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்ல எண்ணுங்க. லிட்டருக்கு 10 மணி வந்தா 4 லாக். ஒண்ணுமே வரலைன்னா பூஜ்யம்னு எழுதாதீங்க. 10 லிட்டருக்கு ஒண்ணுக்கும் கீழே, அதாவது 6 லாக்குக்கு மேலன்னு எழுதணும்.

மணி ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டா கட்டி சுலபமா மாட்டிக்கும், ரிசல்ட் பொய்யா நல்லா வரும். கொஞ்சம் ட்வீன்-20 (சோப்பு மாதிரி, மணிகளை ஒட்டாம பிரிக்கிற திரவம்) கலந்து நல்லா குலுக்கிட்டு, விடுறதுக்கு முன்ன ஒரு துளியை மைக்ராஸ்கோப்ல பாருங்க.

பிளான்ட்_ஆபரேட்டர்: இன்னொண்ணு, டிசம்பர், ஜனவரி உறைபனி. மாடியூல் வெளிய திறந்த ஷெட்ல இருந்தா இழைக்குள்ள தண்ணி உறைஞ்சு கிழியும். பனி விழுந்த காலையில தண்ணி திறக்கறதுக்கு முன்னாடியே டெஸ்ட் போடுங்க.